பதினான்காம் விதி

டெல்மர் வெண்ட்லாண்ட் வேலை பார்த்தது மாவட்டச் சாலைத் துறையில். வளைவுக்கு எத்தனை அடி முன்னால் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும், பலகை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஹாஸ்கெல் ஊர்க்காரர்கள் பேஸ்பால் மாதிரியான தங்கள் சாஃப்ட்பால் ஆட்ட லீகுக்கு ஒரு செயலாளர் தேடியபோது, எல்லோர் வாயிலும் அவர் பெயர் வந்ததற்கு அதுதான் காரணம்.

லீக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இரண்டு மைதானங்கள், எட்டு அணிகள், வியாழக்கிழமை சாயங்காலங்கள். பந்தை மெதுவாக, ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி வளைந்து இறங்கும்படி வீச வேண்டும். அதனால் தொப்பை வைத்தவரும் அடிக்கலாம். அடித்த பிறகு ஓடுவதுதான் பாடு.

ஆனால் விளையாட்டுக்கு வருகிற பெரியவர்கள் குழந்தைகளைவிட மோசமாகச் சண்டை போடுவார்கள் என்பது டெல்மருக்குத் தெரியும். ஒவ்வொரு பிப்ரவரியும் கேப்டன்களைக் கூட்டி விதிகளைத் திருத்துவார். வேலிக்கு அப்பால் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று முறைதான் அடிக்கலாம். நான்காவது போனால் அடித்தவர் அவுட். காரணம், வேலிக்கு அப்பால் ஹேட்டில்ஸ்டாட் அம்மாளின் தக்காளிப் பாத்தி. நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடினால், ஓட்டம் எடுக்கத் தொட வேண்டிய நான்கு தளங்களில் இரண்டு அடித்தவருக்கு இலவசம். இந்த நாய் விதியை எழுத அவருக்கு மூன்று நாள் பிடித்தது. "சொந்த நாயா இருந்தா?" என்று யாரோ கிண்டலுக்குக் கேட்க, அதற்கும் ஒரு வரி சேர்த்தார்.

1990 கோடையில் ஆங்கர் என்ற மதுக்கடையின் அணி, கிரீன் பே நகரத்திலிருந்து மலை மலையாக மூன்று ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இருபது ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். ஊரே முணுமுணுத்தது. அடுத்த பிப்ரவரியில் டெல்மர் பதினான்காம் விதியைக் கொண்டுவந்தார். மே முதல் தேதியன்று ஊர் எல்லைக்குள் குடியிருப்பவரோ வேலை பார்ப்பவரோ மட்டுமே ஆடலாம். வேறு யாராவது ஆடினால் அந்த அணி தோற்றதாகக் கணக்கு. உண்மையை மறைத்து ஆடியவருக்கு ஓராண்டு தடை.

சீஸ் ஆலை அணியின் கேப்டன் ஜாய்ஸ் டோல்கினன் கையைத் தூக்கினாள். "பல வருஷமா ஆடிட்டு இருக்கிறவங்கள மட்டும் விட்டுடலாமே, டெல்? நாளைக்கு யாராவது வீடு மாறினா?"

"விலக்கு வச்சா அப்புறம் அது விதியே இல்ல, ஜாய்ஸ். ஆளாளுக்கு ஒரு காரணத்தோட வந்து நிப்பாங்க."

ஆங்கர் கேப்டன் நீல் ஸ்ட்ராண்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டான். "யாருக்குமே விலக்கு கிடையாது. அப்படித்தானே?"

"யாருக்குமே."

டெல்மருக்குக் கர்ட் என்று ஒரு தம்பி. பதினேழு வருடமாகத் தீவனக்கடை அணியில், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பவன். அவனைத் தாண்டித் தரையோடு பந்து போவது அபூர்வம். அந்த ஏப்ரலில் அவன் குடும்பம் உடைந்தது. பதினோரு மைல் தள்ளி டில்டனில், அவன் வேலை செய்த காகித ஆலைக்குப் பக்கத்தில், மாடியறை ஒன்றுக்குக் குடிபோனான். ஒன்பது வயது மகள் கேரி அம்மாவோடு ஹாஸ்கெலிலேயே இருந்தாள். வியாழக்கிழமை மட்டும் அவள் அப்பாவோடு. ஆட்டம் பார்ப்பாள், முடிந்ததும் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள், வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவான். அவனுக்கு வாரத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மே மாதம் அண்ணனின் கார் ஷெட்டுக்கு வந்து நின்றான்.

"அண்ணே, நான் இப்ப டில்டன்காரன். உன் பதினாலாம் நம்பர் என்ன சொல்லுது?"

டெல்மர் புல்வெட்டும் எந்திரத்தைக் கவிழ்த்துப்போட்டுக் கத்தியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அது ஆங்கர்காரனுங்களுக்காகப் போட்டதுடா. உன்னை யார் கேக்கப் போறா?"

"எழுத்துல அப்படி இல்லையே."

"எழுதினவனே சொல்றேன். போய் ஆடு."

கர்ட் சிரித்தான். அந்த வசந்தத்தில் அவன் சிரித்து டெல்மர் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜூன் மாதம் தீவனக்கடைக்கும் ஆங்கருக்கும் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் தீவனக்கடை ஓர் ஓட்டம் முன்னால். ஆங்கர்காரன் அறைந்த பந்தைக் கர்ட் பாய்ந்து தரையோடு அள்ளி, மண்டியிட்டபடியே முதல் தளத்துக்கு எறிந்தான். அடித்தவன் அவுட். பலகை வரிசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். நீல் ஸ்ட்ராண்ட் நடுவரிடம் போகவில்லை. விதிப்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக டெல்மரிடம் வந்தான்.

"உன் தம்பி எங்க குடியிருக்கான், டெல்?"

டெல்மர் பதில் சொல்வதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என் ஆளுங்க மூணு பேரத் துரத்தின. சரி, சட்டம்னு வாயை மூடிட்டிருந்தேன். தம்பின்னா வேற சட்டமா?"

"சட்டம் ஒண்ணுதான். ஆட்டம் உங்களுக்கு," என்றார் டெல்மர். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அது இருக்கட்டும். அவன் டில்டன்ல இருக்கிறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

சுற்றிலும் முப்பது நாற்பது முகங்கள். பதின்மூன்று வருடமாக அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட முகங்கள். தம்பி பக்கம் திரும்பாமலே டெல்மர் சொன்னார்: "தெரியாது. என்கிட்ட சொல்லல."

கர்ட் கையுறையைக் கழற்றினான். அண்ணனை ஒரு கணம் பார்த்தான். வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். அவன் திறக்கவில்லை. பலகை வரிசையிலிருந்து கேரியின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு நடந்தான். "எங்ககிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, ஏமாத்துக்காரப் பயலே!" என்று அவன் அணிக்காரன் ஒருவனே பின்னால் கத்தினான்.

காரில் திரும்பும்போது டெல்மரின் மனைவி ஆர்லீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "ஷெட்ல நீங்க ரெண்டு பேரும் பேசினது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு."

டெல்மர் வண்டியை ஓட்டினார்.

"போன் பண்ணு, டெல். இன்னைக்கே."

நாளை பண்ணலாம் என்று நினைத்தார். மறுநாள் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வாரம் போனதும், இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை என்பதற்கும் சேர்த்துக் காரணம் தேட வேண்டியதாயிற்று. ஓராண்டுத் தடைக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து அனுப்பினார். அந்த இலையுதிர் காலத்தில் கர்ட் துலூத் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். நவம்பரில் குடும்பமாகக் கூடும் நன்றியறிதல் நாள் விருந்துக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அட்டை ஒன்று வந்தது. உள்ளே கையெழுத்து மட்டும்.

எட்டு வருடம் ஓடியது. ஆலைகளில் ஆட்குறைப்பு, இளைஞர்கள் வெளியூருக்கு. எட்டு அணிகள் நான்காகின. அந்த நான்கிலும் ஆட்டத்துக்கு வேண்டிய பத்துப் பத்துப் பேர் சேர்வதில்லை. பிப்ரவரிக் கூட்டத்தில் ஜாய்ஸ், "பதினாலத் தூக்கிடலாம். எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் சரி, கை கால் இருந்தா போதும்," என்றாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டெல்மர் பேனாவை எடுத்தார். பதினான்காம் விதியை அடிக்காமலே வைத்துவிட்டார்.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். கர்ட் என்கிட்ட கேட்டான். போய் ஆடுன்னு நான்தான் சொன்னேன்."

நீல் ஸ்ட்ராண்டுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. கோப்பையைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "அது எங்களுக்கு அப்பவே தெரியும், டெல். கர்ட் அப்படிப்பட்ட ஆளா? நீயா வந்து சொல்லுவேன்னு ரெண்டு மூணு வாரம் பாத்தோம். அப்புறம் விட்டுட்டோம்."

ஊரார் எட்டு வருடமாகத் தன்னிடம் காட்டியது மரியாதை என்றல்லவா நினைத்திருந்தார்! அந்தக் கூட்டத்தோடு செயலாளர் வேலையை விட்டார்.

பனி உருகியதும் துலூத்துக்குப் போனார். கர்ட் கதவைத் திறந்து, "வா," என்றான். சூப் சூடு பண்ணினான். இரண்டு முழங்காலும் கெட்டுப்போய், மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்தான். டெல்மர் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

"அன்னைக்கே நீ ஏன்டா வாயைத் திறக்கல?"

"உன் பேச்சுக்கு ஊர்ல ஒரு மதிப்பு இருந்துச்சு. எனக்கு அப்ப பொண்டாட்டி இல்ல, வீடு இல்ல. போறதோட இதுவும் போகட்டும்னு விட்டேன். சாயங்காலமே நீ போன் பண்ணுவேன்னு நெனச்சேன் அண்ணே. ஒரு வாரம் வேலை முடிஞ்சு நேரா ரூமுக்கு வந்து உக்காந்திருந்தேன்."

டெல்மர் சூப் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார்.

"என்னை விடு. கேரிகிட்டயாவது சொல்லியிருக்கலாம். உங்கப்பன் ஏமாத்துக்காரன்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கானுங்க. அதுக்கப்புறம் அவ எங்கூட வர யோசிச்சா. நானும் கூப்பிடுறத விட்டுட்டேன்."

கேரிக்கு இப்போது பதினேழு. ஹாஸ்கெல் மளிகைக் கடையில் சாயங்கால வேலை. மறுநாளே டெல்மர் அங்கே போனார். சூப் டப்பாக்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைக்கவே இல்லை.

"எட்டு வருஷமா, பெரியப்பா?"

"ஆமாம்மா."

"நான் அப்பாகிட்ட ஒரு தடவைகூடக் கேக்கல. நெசமான்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல." அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க போங்க. எனக்கு வேலை இருக்கு."

ஜூன் மாதம் அவள் பஸ் ஏறித் துலூத்துக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள் என்று ஆர்லீன் சொன்னாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று டெல்மருக்குத் தெரியாது. கேட்டால் கர்ட் சொல்லியிருப்பான். அதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று கடைசிவரை கேட்காமலே இருந்தார்.