தரையில் நின்ற வாஷிங் மெஷின்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மாதம் சோபா இருந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. ஜன்னலை ஒட்டிக் கிடந்த அதில் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. ஏனென்றால் அது வெறும் சாக்பீஸ் கோடு. கடையில் பார்த்த சோபாவை அப்பா டேப் வைத்து அளந்துகொண்டு வந்து, சிவப்பு சிமெண்ட் தரையில் அதே நீள அகலத்துக்கு வரைந்திருந்தார். அந்த மாதம் முழுக்க நானும் தம்பியும் அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனோம். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்டி கைப்பிள்ளையோடு வந்து, நடு ஹாலில் நின்றபடி அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி ரொம்பப் பவ்வியமாக அவர் அருகில் போய், "ஆன்டி, சோபா மேல நிக்கிய. கொஞ்சம் எறங்கிக்கிடுங்க" என்றான். அவர் தன் காலைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் காப்பி போடுவதாகச் சொல்லி உள்ளே ஓடிவிட்டாள்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சரக்கு இறக்கி ஏற்றும் ஒரு கம்பெனியில் ஷெட் சூப்பர்வைசர். கப்பல் கரைக்கு வருவதற்கு முன்பே ஷெட்டின் தரையில் யார் சரக்கு எங்கே அடுக்க வேண்டும் என்று கோடு போட்டு வைப்பது அவர் பொறுப்பு. முந்திரிக்கொட்டை மூட்டை ஒரு பக்கம், பருப்பு மூட்டை இன்னொரு பக்கம், நடுவே லாரி வந்து திரும்ப வழி. இடம் போடாமல் சரக்கை இறக்கிவிட்டால் என்ன கூத்து நடக்கும் என்பதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். அதனால் வீட்டுக்குள் ஒரு சாமான் வர வேண்டும் என்றாலும் அவருடைய கை தானாகச் சட்டைப்பையில் இருந்த சாக்பீஸைத் தேடும். "மொதல்ல எடம் வரட்டும், பொறவு சாமான் வரட்டும்" என்பார்.

இடம் மட்டும் வந்தால் போதாது. அந்தச் சாமானைத் தவணையில் வாங்கினால் மாதம் என்ன கட்ட வேண்டுமோ அந்தத் தொகையும் சம்பளத்திலிருந்து தனியாக எடுக்கப்பட்டு, அலமாரி மேல் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். மாதம் முடியும்வரை டின்னைத் திறக்கக் கூடாது. அடுத்த சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிடும்போது அப்பா வழக்கை எடுப்பார். கோடு போட்ட இடத்தில் அந்தச் சாமான் இல்லாமல் ஒரு மாதம் இருந்தோமே, இனிமேலும் இல்லாமல் இருந்துவிட முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். முடியும் என்றால் அதை வாங்க மாட்டோம். முடியாது என்றால்தான் வாங்குவோம். டின் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு கோடுதான். சோபா அந்த ஞாயிறு வரைக்கும்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்து டின்னைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. தவிர, சோபா கிடந்தால் நாங்கள் பாய் விரித்துப் படுக்க இடமில்லை என்பதும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அம்மா இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் மாதிரிதான் தெரிவாள். ஆனால் அப்பா தனக்காக ஒரு பெரிய ஸ்பீக்கர் செட்டுக்குக் கோடு போட்டபோது, தினமும் தரை துடைக்கையில் அவளுடைய ஈரத்துணி கோட்டின் ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு போனது. மறுநாள் காலை அவளே சாக்பீஸ் எடுத்து அழிந்த இடத்தைச் சரி செய்வாள், கொஞ்சம் உள்ளே தள்ளி. மாதக் கடைசியில் அப்பா சந்தேகப்பட்டு அளந்து பார்த்தால் ஸ்பீக்கர் பாதியாகியிருந்தது. "தர ஈரத்துல சுருங்கிட்டு போல" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அப்பா டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், பின்கதவை ஒட்டி அம்மாவின் வாஷிங் மெஷின் நின்றுகொண்டிருந்தது. அதாவது அதன் கோடு நின்றது. அம்மா தனக்கென்று கேட்ட முதல் சாமான் அது. எங்கள் ஊர் உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அப்பாவின் துறைமுகச் சட்டைகளில் மூட்டைத் தூசியும் எண்ணெயும் ஏறியிருக்கும். கல்லில் அடித்து அடித்து அவளுக்குத் தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது. மெஷின் வரும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. தம்பி அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்று, இல்லாத மெஷினின் பொத்தானை அமுக்கி வாயால் சத்தம் கொடுப்பான்.

அந்த நேரம் பார்த்து எனக்குச் சென்னையில் சீட் கிடைத்தது. ஆடியாலஜி படிப்பு. காது கேட்காதவர்களைப் பரிசோதித்து, கருவி பொருத்தி, பேசப் பழக்குவது. எங்கள் தெருவில் அந்தப் படிப்பின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் யாருமில்லை. "காது கொடையதுக்கா மெட்ராஸ்ல காலேஜு வச்சிருக்கான்?" என்று முனைக்கடை அண்ணாச்சி கேட்டார். கேட்டுவிட்டு, கோபித்துக்கொள்ளாதே என்று ஒரு கடலைமிட்டாயும் கொடுத்தார். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் படிக்க வேண்டாம் என்றிருந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் கடன் வாங்கலாம். ஆனால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டும். அந்தப் பணம் வரக்கூடிய ஒரே இடம் பிஸ்கட் டின். டின்னிலோ மெஷின் குடியிருந்தது. சென்னை இல்லையென்றால் உள்ளூர்க் கல்லூரியில் பி.காம் என்று முடிவாகியிருந்தது. பணம் கட்டக் கடைசி நாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அம்மா விட்டுக்கொடுத்துவிடுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஈரத்துணியை எடுத்து அந்தக் கோட்டை அவளே துடைத்துவிடுவாள், நான் அழுவேன், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று மனத்துக்குள் ஒரு காட்சிகூட ஓடியது. அம்மா துடைக்கவில்லை. "எனக்கு மெஷினும் வேணும், இவ படிக்கதும் வேணும். ரெண்டையும் போடுங்க, கடைசில எது நிக்கின்னு பாப்போம்" என்றாள் அப்பாவிடம். சாமானுக்குக் கோடு போடலாம், படிப்புக்கு எங்கே போடுவது என்று கேட்டார் அப்பா. அதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "இவ படுக்க எடத்தச் சுத்திப் போடுங்க. இவ மெட்ராஸ் போனா அந்த எடம் காலியாத்தான கெடக்கும்? அப்படி இருந்து பாப்போம்."

ஆள் வீட்டிலேயே இருந்தால் இல்லாதது மாதிரி எப்படிப் பழகுவது என்று, மறுநாளே என்னை முத்தையாபுரத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். ஆனால் கடைசி நாள் வரை வரக் கூடாது என்பது உத்தரவு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வாஷிங் மெஷினோடு போட்டிக்கு நிற்கிறேன், பெற்ற தாய் மெஷின் பக்கம் நிற்கிறாள். பெரியம்மா வீட்டில் போட்டதைத் தின்றுவிட்டு, கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நாளைக் கழித்தேன். பெரியம்மா என் தலையில் எண்ணெய் வைத்தபடி, "ஒங்க வீட்ல எல்லாருக்குமே ஒரு மற கழண்டுதான் கெடக்கு" என்று அன்பாகச் சொல்வார்.

வீட்டு நிலவரத்தைத் தம்பி போனில் சொல்லிவிடுவான். அப்பா ஜன்னலடியில் என் பாய் விரிக்கும் இடத்துக்குக் கோடு போட்டுவிட்டார். கோட்டுக்குள் பூனை வந்து படுத்தது, அப்பா விரட்டினார், பூனை திரும்ப வந்தது, திரும்ப விரட்டினார். "மெஷினு கோட்டுக்குள்ள படுத்தா ஒண்ணும் சொல்லமாட்டாவ, ஒன் கோட்டுக்குள்ள படுத்தாத்தான் வெரட்டுதாவ" என்றான். அம்மா தட்டு எடுத்து வைக்கும்போது நான்கு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைக்கிறாளாம். அப்பா சாப்பிடும்போது அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாராம். கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் அதிகமாயிற்று. நான் இல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. அப்படியென்றால் சென்னைக்கு எப்படி விடுவார்கள்? பாசம் என்னைத் தோற்கடித்துவிடும் போலிருந்தது.

கடைசி நாளுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போதே, ஒரு ஞாயிறு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அப்பா பெரியம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஏளா, துணிமணிய எடுத்து வையி. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"நாள் இருக்கே" என்றேன்.

"இருக்கு. மீதி நாளு இருந்து பாக்க ஒங்கம்மாவுக்கும் தெம்பில்ல, எனக்கும் தெம்பில்ல."

தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இட்லி சாப்பிடும்போது வழக்கு எடுப்பாரே அந்தக் குரலில் பேசினார். "நம்ம சட்டம் என்ன? எது இல்லாம இருக்க முடியலையோ அதுக்குத்தான துட்டுச் செலவழிக்கணும்? மெஷினு இல்லாம இருந்திரலாம், இத்தன வருசம் இருந்தாச்சில்லான்னு ஒங்கம்மா சொல்லிட்டா. நீ இல்லாம இருக்க முடியல. அப்பம் யாருக்குக் கட்டணும்? ஒனக்குத்தான் கட்டணும். நாளைக்கே பேங்குக்குப் போயிருவோம்."

நான் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. "மெஷினு வாங்குனா வீட்டுக்கு வரும். எனக்குக் கட்டுனா நான் வீட்ட விட்டுல்லா போவேன். நாலு வருசம் இல்லாமத்தான இருக்கணும்?" என்று கேட்டேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அத யோசிக்காமலா பஸ் ஏறி வந்திருக்கேன்?" என்றார். பிறகு பெரியம்மாவிடம் திரும்பி, டீ நன்றாக இருக்கிறது என்றார். அவ்வளவு பிரியத்தோடு ஒரு மனிதர் தன் சட்டத்தைத் தானே உடைத்து நான் பார்த்ததில்லை. உடைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவரைக் கேட்டால், விதிப்படிதான் நடந்தது என்று சாதித்திருப்பார்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். பின்கதவுப் பக்கம் தரை சுத்தமாகத் துடைத்திருந்தது. "மெஷின விட்டுக்குடுத்திட்டியே" என்றேன். அவள் என்னை விலக்கிவிட்டு, "விட்டெல்லாம் குடுக்கல. மெஷினு பரிச்சையில தோத்துட்டு. ஒன் மூஞ்சிக்காவ யாரு விட்டுக்குடுத்தா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையால் நான் சென்னையில் நான்கு வருஷமும் குற்றவுணர்வு இல்லாமல் சாப்பிட்டேன், படித்தேன், தோழிகளோடு கடற்கரைக்குப் போய் அரட்டை அடித்தேன். அம்மா தியாகம் செய்தாள் என்ற எண்ணமே எனக்கு வரவிடாமல் செய்திருந்தாள்.

இப்போது நான் சென்னையிலேயே ஒரு மருத்துவமனையில் காது பார்க்கிறேன். என் வீட்டில் யாரும் தரையில் கோடு போடுவதில்லை. நானும் கணவரும் போனில் ஒரு பொத்தானை அமுக்குகிறோம், இரண்டு நாளில் பெட்டி வந்து இறங்குகிறது, அதை எங்கே வைப்பது என்று அதற்குப் பிறகுதான் சண்டை போடுகிறோம். உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கி, அதன் மேல் துணி காயப் போட்டிருக்கிறோம். மாதா மாதம் தவணை கழிந்துவிட்டதாகப் போனுக்குத் தகவல் வரும்போது அப்பா நினைவு வரும். எங்கள் வீட்டுக்கு அவர் வந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பின்கதவை ஒட்டி நிஜ மெஷின் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தம்பி வேலைக்குப் போன பிறகு வாங்கிக் கொடுத்தது. அம்மா அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்பா இருந்தவரை கேட்கத் தோன்றாத ஒன்றை அன்றைக்குக் கேட்டேன். "நெசமாச் சொல்லும்மா. அன்னைக்கு மெஷினு இல்லாம இருந்திரலாம்னு அப்பாட்டச் சொன்னியே. இருந்திர முடிஞ்சிதா?"

"எங்கன முடிஞ்சிது? போர்வ தொவைக்க அன்னைக்கெல்லாம் ஒன்ன ஏசிக்கிட்டேதான் தொவைப்பேன். பாவி மவ, அவ காது படிக்கப் போயி என் தோளு போச்சேன்னு" என்றாள் அம்மா.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? போர்வய ஒத்த ஆளு முறுக்கிப் பிழிய முடியுமா? ஒரு முனையப் பிடிக்க ஒங்கப்பா ஷிப்டு முடிஞ்சி வந்து நிப்பாவ. அவிய அந்தப் பக்கம் முறுக்க, நான் இந்தப் பக்கம் முறுக்க, ரெண்டு பேருமாச் சேந்துதாம்ளா ஒன்ன ஏசுவோம்."