மணிக்கயிற்றைக் கற்றுக்கொடுத்தது யார்

1. கயிறு

சுரங்கத்தில், பூமிக்கடியில் லெவல் என்கிற தளத்தில் நின்று கயிற்றை இழுத்தால் மேலே இன்ஜின் வீட்டில் மணி அடிக்கும். ஒன்று என்றால் கேஜை, அதாவது ஆளும் கல்லும் ஏறி இறங்குகிற கூண்டை, நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஏற்று. ஆள் ஏறினால் அதற்குத் தனி மணி. இதையெல்லாம் தமிழில் எழுதி ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் போர்டு மாட்டியிருந்தார்கள். மண் அள்ளுகிற கூலிகளில் அதைச் சுரங்கத்துக் கேப்டன் துரை முன்னால் தடுமாறாமல் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் மணிக்காரன் ஆனேன்.

முதல் நாளே மானம் போனது. மூன்று இழுத்தேன், மேலே இரண்டுதான் கேட்டதாம். ஏற வேண்டிய கேஜ் இறங்கியது. நல்லவேளை, உள்ளே கல்தான் இருந்தது. பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற முனுசாமி வந்து கயிற்றைப் பிடுங்கினான். என்னைவிடச் சின்னவன், எழுத்து வாசனையே இல்லாதவன்.

"இன்னாண்ணே, மாட்டுல பால் கறக்கிறியா? தொங்கி இழு. கயிறு திரும்பி வர்ற வரைக்கும் மூச்சப் புடி. அப்புறம் அடுத்தது."

அவ்வளவுதான் பாடம். அதுதான் கடைசி வரைக்கும் எனக்குச் சோறு போட்டது.

2. வாய்

படிப்பு வந்த கதை வேறு. கூலிகள் குடியிருந்த லைனுக்குப் பின்னால் கம்பெனியின் தகரக் கொட்டகை ஒன்றில் மரியதாஸ் வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார். காலை ஷிப்ட் முடிந்ததும், மீசை முளைத்த நான், பால் பல் விழாத பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து 'அ' போட்டேன். அவர்கள் சீக்கிரமே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாத்தியார் மட்டும் என்னை விடவில்லை.

நான் மணிக்காரன் ஆகிச் சில வருஷம் கழித்து ஒருநாள், அந்தப் பள்ளிக்கூடத்தால் வேலைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேப்டன் என்னை விசாரித்தார். சுற்றிலும் ஷிப்ட் ஆட்கள் நிற்கிறார்கள். சிரிக்கவைக்க இடம் கிடைத்தால் நான் விடுவேனா?

"அங்க உக்காந்து தூங்கக் கத்துக்கிட்டேன் தொரை. மணி அடிக்கக் கத்துக் குடுத்தது இந்த முனுசாமி."

எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். முனுசாமி சிரிக்கவில்லை. அவன் மகள் அந்தக் கொட்டகையில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் உத்தரவு வந்தது. முட்டு மரம் அடுக்கக் கொட்டகை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாத்தியார் காலி பண்ண வேண்டும்.

3. கொட்டகை

வாத்தியார் என் வீடு தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நான் சொன்னது நிஜமா என்று மட்டும் கேட்டார். மணி அடிக்க முனுசாமிதான் கற்றுக்கொடுத்தான், அது நிஜம் என்றேன்.

"அப்ப சரிப்பா. பொய் சொல்லியிருந்தாத்தான் நான் ஒழுங்கா சொல்லிக் குடுக்கலன்னு ஆவும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றே முனுசாமியிடம் போய்ச் சொன்னேன்.

முனுசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கயிறு நான் கத்துக் குடுத்தேன். போர்டைப் படிச்சது யாருண்ணே, எங்கப்பனா?" என்றான்.

மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் இரண்டு பேரும் துரையிடம் போனோம். நான் சொன்னது பாதிதான், மீதிப் பாதி இதுதான் என்று போர்டு படித்த கதையைச் சொன்னேன். அதுவரை யாரையும் சிரிக்கவைக்காமல் நான் பேசியதே கிடையாது. பாதி மெய்க்குச் சிரித்த துரை முழு மெய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரத்தை மழையில் போடச் சொல்கிறாயா என்று கேட்டார்.

பாதிக் கொட்டகையிலேயே அத்தனை மரத்தையும் அடுக்கித் தருகிறேன் என்றான் முனுசாமி. முடியாவிட்டால் என்ன செய்வாய் என்றார் துரை.

"என்னை வேலைய வுட்டு அனுப்பிடுங்க."

அடுக்கினான். அடியும் நுனியும் மாற்றி மாற்றி, விரல் நுழைய இடமில்லாமல், கூரை வரைக்கும். மரத்தைத் தூக்கிக் கொடுத்து என் தோல் உரிந்தது. திங்கட்கிழமை, மறுபாதியில் பாடம் நடந்தது.

யாரிடம் கற்றாய் என்று உங்களையும் ஒருநாள் கேட்பார்கள். வாத்தியார் பேரைச் சொல்லலாம், கூட வேலை செய்தவன் பேரைச் சொல்லலாம், எல்லாம் சொந்த மூளை என்று மார் தட்டலாம். எதைச் சொன்னாலும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் கேட்கிறவர் கையில் கொட்டகைச் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.