மாமியார் உட்கார்ந்த பாதை

என் புருஷன் லயனலுக்கு என் அம்மாவின் முகம் தெரியாது. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான எங்கள் வார்ல்பிரி ஜனங்களில் மருமகன் மாமியாரைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அதுதான் மரியாதை. கங்காரு அடித்தால் அவர் நல்ல கறியை அம்மாவுக்கென்று என்னிடம் கொடுத்தனுப்புவார். "மாப்ளைக்கு டீ போட்டுக் குடுடி" என்று அம்மா என்னிடம் சொல்வாள். நடுவில் ஓடி ஓடித் தேய்ந்தது நான்தான்.

எரிவாயுக் குழாய் போட ஒரு கம்பெனி எங்கள் பாலைவனத்துக்கு வந்தது. மலையடியில் இருக்கும் ஊற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றாள் அம்மா. அது பெண்களின் இடம். காரணத்தை ஆண்களிடம் சொல்லக் கூடாது. பேச வந்தவர்களோ அத்தனை பேரும் ஆண்கள். அவள் வாயை மூடிக்கொண்டதும், காரணமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேனேஜர் கிரெய்க், லயனலுக்கு டிரைவர் வேலை கொடுத்து, "கிழவிகிட்ட நீ பேசிச் சரிக்கட்டு" என்றான்.

"அவங்க என் மாமியார் சார். பேச முடியாது."

"எனக்கும் மாமியார்னா நடுக்கம்தான்யா," என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊற்றைத் தோண்டப் போகிற அன்று காலை அம்மா கேட்டது ஒன்றுதான்.

"முன்னாடி வண்டி மாப்ளதானே ஓட்டறாரு?"

"ஆமாம்மா."

"அப்பச் சரி."

ஊற்றுக்குப் போகும் வழியில், பாறைகளுக்கு நடுவே ஒரு வண்டி மட்டுமே நுழையும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

லயனலின் ஜீப் வளைவில் திரும்பியது. பிரேக் கிறீச்சிட்டது. முகத்தைத் திருப்பியபடியே இறங்கி, முள்புல்லுக்குள் நடந்து, முதுகைக் காட்டி நின்றார்.

"வண்டிய எடுய்யா," என்று கிரெய்க் ஓடிவந்தான். "வேலை போயிரும்."

"போகட்டும் சார்."

வீட்டில் வேறு வருமானம் இல்லை. கிரெய்க் தானே ஏறி உட்கார்ந்தான். சாவி இல்லை, அது லயனலின் கையில். பின்னால் மண் தோண்டும் வண்டிகள் உறுமின. "கிழவியத் தூக்கி ஓரமாப் போடுங்க" என்று எவனோ கத்தினான். இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அம்மா அசையவில்லை.

அப்போதுதான் கடைசி வண்டியிலிருந்து கம்பெனிக்கு நிலம் அளக்கிற ஹெலன் இறங்கினாள். அம்மா உதட்டை நீட்டி அவளைக் காட்டினாள்.

"காரணம் கேட்டாங்கல்ல. அந்தப் பொண்ண வரச் சொல்லு."

அந்த இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு ஹெலன் வந்தாள். மூன்று பெண்களும் ஊற்றுக்கு நடந்தோம். திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"குழாய் மலையச் சுத்தித்தான் போகணும்," என்றாள் ஹெலன்.

"ஏன்?" என்றான் கிரெய்க்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாது சார்."

அவன் மண் தோண்டும் வண்டிகளைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினான். பிறகு என்னிடம் சொன்னான்: "இனிமே உங்கம்மாவும் ஹெலனும் நடந்து பாத்து வழி சொல்லட்டும். அப்புறம்தான் வண்டி."

அம்மா என் கையில் தண்ணீர்க் கேனைத் திணித்தாள். "மாப்ள காலைலேர்ந்து வெயில்ல நிக்கறாரு."

கொண்டுபோனேன்.

"ஊத்து?" என்றார் லயனல்.

"ஒண்ணும் ஆகல."

"உங்கம்மா போயிட்டாங்களா?"

"இல்ல, அங்கதான் இருக்கா."

"அப்ப நிக்கறேன்," என்று கேனை வாங்கிக்கொண்டார், திரும்பாமல்.