சேட் சொன்ன ஒரு வார்த்தை

பிள்ளைகளா, அலமாரியில் நிற்கிற பீங்கான் கரடியைப் போனில் படம்பிடித்துக்கொண்டு வந்து, "அத்தா, ரஷ்யா பொம்மை சேக்குறவங்க இதுக்கு நல்ல விலை தருவாங்களாம், குடுத்துடலாமா?" என்று கேட்டீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை.

என் அத்தாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறைதான் வீடு. வரும்போதெல்லாம் கைலிக்குள் சுற்றி ஒரு பொம்மை கொண்டுவருவார். ஒருமுறை நரி, ஒருமுறை முக்காடு போட்ட சிறுமி, ஒருமுறை இந்தக் கரடி. ரஷ்யாவில் கையால் வர்ணம் தீட்டியது, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்று சொல்லி, தூரிகை பட்ட தடிப்பை என் விரலால் தடவிப் பார்க்க வைப்பார். அவர் போனபின் அம்மா தையல் மிஷினில் குனிந்துவிடுவார். எங்கள் தீவில், ஷாதிபூர் வீட்டு ஜன்னலோரம் நான் பொம்மைகளோடுதான் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பெரியத்தா மகன் வந்து, "உங்கத்தா ரஷ்யாவுலயா இருக்காரு? ராயபுரத்துல இருக்காருடா! அங்க இன்னொரு வீடு இருக்காம். பொம்மைய பிளாட்பாரத்துல வாங்கிட்டு வந்து உனக்குப் படம் காட்டுறாரு" என்றான்.

அம்மாவிடம் கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பொம்மை ரஷ்யாவுடையது என்றால் அத்தா எங்களுடையவர். என் கணக்கு அவ்வளவுதான்.

பள்ளிப் பையில் கரடியை வைத்து, பஜாரில் தட்டு, கோப்பை விற்கிற சேட்டிடம் கொண்டுபோனேன். அவர் கரடியை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அரே வாஹ்! யே தோ சீனி ஹை, பேட்டா. அஸ்லி சீனி!"

அசல் சீனி என்கிறார். சீனி மால் என்றால் சீனச் சரக்கு என்று தெருவில் இந்திக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு நாளில் கெட்டுப்போகிற டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் அதுதான் பெயர். சேட் அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது என்னைக் கேலி செய்வதற்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை அத்தா வந்து கைலியைப் பிரிக்கும்போதே, "பொம்மையெல்லாம் வேணாத்தா, நான் பெரிய பையன் ஆயிட்டேன்" என்றேன்.

"அப்படிங்களா மொதலாளி?" என்று சிரித்தார். பிரித்ததை மறுபடி சுற்றினார். அதற்குப் பிறகு எனக்குச் சட்டைத் துணியும் சாக்லேட்டும்தான் வந்தன. நானும் அவர் பக்கத்தில் போய் உட்காருவதை விட்டுவிட்டேன். லீவு முடிகிற வரை அவர் வாசலில் தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் மவுத்தாகி அடக்கம் முடிந்த மறுவருஷம், பக்கத்து ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டுக்குச் சாமான் இறக்கப் போனேன். ஒரு பெட்டியைத் தொப்பென்று வைத்தேன். "சம்பால் கே! சீனி ஹை!" என்று, பார்த்து இறக்கச் சொல்லி சூப்பர்வைசர் கத்தினார்.

கூட வேலை செய்த தூத்துக்குடி அண்ணனிடம், "சீனா மாலுக்கா இந்தக் கத்து கத்துறாரு?" என்றேன்.

"சீனா மாலா? ஏலே, பீங்கானுக்கு இந்தில சீனின்னுதாம்ல பேரு. இம்புட்டு வருசம் இங்கன கெடந்து இதுகூடத் தெரியாதா?"

பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளை வெள்ளையாகக் கோப்பைகள். அசல் பீங்கான் என்றுதான் சேட் அன்றைக்கு மெச்சியிருக்கிறார். ரஷ்யாவா இல்லையா என்று அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் திரும்புகிற படகில் எல்லோரும் உள்ளே உட்கார்ந்தார்கள். நான் மேல்தளத்துக்குப் போய், கரை எதுவும் தெரியாத பக்கமாகத் திரும்பி நின்று, "அத்தா" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.