ஆயில் மூடிக்குள் சாமிப் பால்

ராசாத்தாளின் மூக்கு சாமானிய மூக்கல்ல. சத்தியமங்கலத்தில் யாராவது கருவாடு வறுத்தால், கோபிசெட்டிபாளையத்தில் இவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்குக் கணவராக வாய்த்தவர் லாரிக்காரர் திருமூர்த்தி. கல்யாணமான புதிதில் அவர் சட்டையை அலசிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டாள். அந்த மரத்து இளநீரில் இன்றைக்கும் டீசல் வாடை வீசுகிறது. நம்பாதவர்கள் போய்க் குடித்துப் பார்க்கலாம்.

கிளீனர் வேலைக்கு யாரும் நிலைக்காததால் அவளே வண்டியில் ஏறினாள். மதுக்கரையில் சிமெண்ட், கோபியில் வாழைத்தார் என்று லோடு பார்த்து, கயிறு இறுக்கி, பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று பலகையைத் தட்டியே தலை நரைத்துப்போனாள். எல்லாம் பழகியது, அருவருப்பு மட்டும் பழகவில்லை. கணவர் துப்பிய வெற்றிலைச் சாறு வழிந்து காய்ந்த கதவையும், இருக்கைக்கடியில் புளித்துக் கிடக்கும் துண்டையும் பார்த்தாலே முகம் சுளிப்பாள். திட்டிக்கொண்டே துடைப்பாள்.

ஆடி முடிந்ததிலிருந்து வண்டியில் புதுசாக ஒரு வாடை. கூடவே ரேடியேட்டரில் காலையில் நிரப்பிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போனது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. மதுக்கரையில் அந்தப் புகைக்குள் போன எருமை பசுவாக வெளியே வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழைத்தார் ஏற்றித் திம்பம் மலை வழியாக மைசூருக்குப் போகவேண்டிய காலையில், அவள் மெக்கானிக் ரசாக்குக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஆயில் ஊத்துற மூடியத் தொறந்து பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா ஆயில்ல தண்ணி கலக்குது. இஞ்சின் தலைக்கடியில தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்குற தகடு, ஹெட் கேஸ்கெட், அது போயிருக்கும். அதோட மலையேத்தாதீங்க, இஞ்சின் பாதி வழியில இறுகிப்போயிரும்."

திறந்தாள். கெட்டுப்போன மோர் போல, கொழகொழவென்று நுரை. ராசாத்தாள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். திருமூர்த்தியோ அதை ஒரு விரலால் வழித்து நெற்றியில் பூசிக்கொண்டார்!

"அடச் சீ! என்னங்க பண்றீங்க?"

"கொடுமுடிக் கோயில் பாலு புள்ள. பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு இஞ்சின் மேல ஊத்துனமில்ல? உள்ளயே தங்கியிருக்குது. கும்புட்டுக்கோ."

"மூடி மேல ஊத்துன பாலு உள்ள எப்படீங்க போச்சு?"

"சாமி நெனச்சா போகும். வண்டில ஏறு."

மலை வளைவில் இஞ்சின் இறுகி, அத்தனை பாரத்தோடும் லாரி பின்னால் உருண்டால் இருவருக்கும் பள்ளம்தான். அதைச் சொல்லியும் பார்த்தாள். அவர் நெற்றியில் அந்தக் கருமம் பிசுபிசுவென்று புருவத்துக்கு வழிய, சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். தார் ஏற்றிய ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ராசாத்தாள் டீ குடிக்கும் டம்ளரை எடுத்து வந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, கரண்டியால் அந்த நுரையை வழித்து அதில் போட்டாள். கணவர் முன்னால் நீட்டினாள்.

"சாமிப் பாலு வீணாப்போகப்படாதுங்க. குடிச்சுப்போட்டு வண்டிய எடுங்க. நானும் வாரேன்."

"காலங்காத்தால வெளையாடாத புள்ள."

"ஏனுங்க, நெத்திக்கு ஆகுறது நாக்குக்கு ஆகாதுங்களா?"

தார் ஏற்றிய மாசாணம் விடுவானா? "அண்ணா, எனக்கும் ஒரு வாய் மிச்சம் வெச்சிருங்க!"

அத்தனை பேர் எதிரில் பின்வாங்க அவரால் முடியவில்லை. "முருகா" என்று டம்ளரை உதட்டில் வைத்தார். அவ்வளவுதான். முந்தின நாள் தின்ற புரோட்டா வரைக்கும் கதவில் வந்து விழுந்தது. ஊர் எல்லையில் மேய்ந்த ஆடுகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"இது பாலில்ல புள்ள," என்றார் கண்ணில் நீர் வழிய. "ரசாக்க வரச் சொல்லு."

வாழைத்தார் வேறு லாரிக்கு மாறியது. மத்தியானம் ரசாக் இஞ்சின் தலையைக் கழற்றினார். அடியிலிருந்த கேஸ்கெட் தகடு ஒரு பக்கம் தீய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. திருமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு நெற்றியைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ராசாத்தாள் அந்த டம்ளரைக் காலால் தள்ளியே குப்பைமேட்டில் சேர்த்தாள். பிறகு, கதவு துடைக்கும் ஈரத்துணியைக் கணவர் தோளில் எறிந்தாள்.

"இன்னிக்கு நீங்க தொடைங்க. வெத்தலைக் கறையும் சேர்த்து."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார்.