பொம்மைக்குக் கொடுத்த முடி

பாக்கியக்காவுக்கு விலை சொல்லத் தெரியாது. அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வாசலில் வந்து ஒரு பொம்மையைக் கையில் எடுத்து, "என்ன விலைங்கக்கா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவர் முகம் சிவந்துவிடும். "உங்களுக்கு என்ன தோணுதோ குடுங்க" என்பார். கேட்டவருக்கு என்ன தோன்றும்? குறைவாகத்தான் தோன்றும். உள்ளே உட்கார்ந்திருக்கும் அவருடைய வீட்டுக்காரர் ரபேல் தலையில் அடித்துக்கொள்வார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் இருந்தார்கள். நான் அந்த வரிசைக்கு மருமகளாக வந்த புதிது. பாக்கியக்கா பிறந்து வளர்ந்தது கிள்ளானில். அவருடைய அப்பா அங்கே ரயில் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தவர். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் தையல் படிக்கும்போது மிஞ்சுகிற துண்டுத் துணிகளைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவாராம். அப்பாவின் கிழிந்த காக்கிக் கால்சட்டையில் தைத்ததுதான் முதல் பொம்மை. "அதுக்கு மாதான்னு பேரு வச்சேன். காக்கி மாதா. சிஸ்டர் பாத்துட்டு முட்டி போட வச்சுட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு கல்யாணம், இரண்டு பெண்கள், அடுப்பு, துவைகல் எல்லாம் வந்தன. ஊசி மட்டும் கையை விட்டுப் போகவில்லை. பெண்களைக் கட்டிக்கொடுத்த பிறகும் பொம்மை தைத்துக்கொண்டே இருந்தார். கிறிஸ்துமஸுக்குச் சிலது, தீபாவளிக்குச் சிலது என்று வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார். அவர்களிடம் ஒரு காசு வாங்கியதில்லை.

அந்தப் பொம்மைகளின் அழகே தலைமுடிதான். நூல் முடி இல்லை, நிஜ முடி. பாக்கியக்காவுக்கு முழங்காலைத் தொடுகிற கூந்தல். சீப்பில் சிக்குவதைச் சேர்த்துவைத்து, சீயக்காய் போட்டு அலசி, காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொம்மையின் மண்டையில் வைத்துத் தைப்பார். அதைச் சீவலாம், பின்னலாம், பூ வைக்கலாம். கடையில் விற்கிற சீமைப் பொம்மைகூட அதன் முன்னால் நிற்காது.

ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பினார்கள். ரயில்வேயிலும் ஆட்குறைப்பு. முப்பத்தோராம் வருஷத்தில் ரபேல் அண்ணனை ஒர்க்‌ஷாப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வேலை தேடிப் போனார். பிறகு சட்டை மட்டும் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். வீட்டையும் எப்போது காலி செய்யச் சொல்வார்களோ தெரியாது.

பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த பழனியப்பன்தான் யோசனை சொன்னவர். "சும்மா குடுக்குறத என் கடையில வைங்கக்கா. நான் வித்துத் தரேன். விலைய நான் சொல்லிக்கிறேன்." வைத்தார்கள், விற்றது. பின்னி விளையாடுகிற பொம்மை என்று பேர் பரவி, சுங்கை பூலோவிலிருந்தும் டெங்கிலிலிருந்தும்கூட ஆள் வந்து வாங்கிப் போனார்கள். ரபேல் அண்ணன் பஞ்சு அடைத்துக் கொடுத்தார். அந்த வீட்டு அடுப்பு அந்தப் பொம்மைகளால்தான் எரிந்தது.

இப்போது ஒரு தலை முடி போதவில்லை. பாக்கியக்கா எங்களிடம் கேட்டார்.

சீப்பு முடியை யாரும் கண்ட இடத்தில் போட மாட்டோம். விரலில் சுருட்டி, தூ என்று துப்பித்தான் எறிவோம். எவள் கையிலாவது கிடைத்து ஏதாவது வைத்துவிட்டால்? அந்தப் பயம் வரிசையில் எல்லா வீட்டிலும் உண்டு. சாமி வேறானாலும் பயம் ஒன்றுதான். ஆனால் கேட்டது பாக்கியக்கா. பிள்ளைகளுக்கு இத்தனை காலம் பொம்மை கொடுத்தவர். துப்பாமல் கொடுத்தோம். நானும் கொடுத்தேன், என் மாமியார் பவுனம்மாளும் கொடுத்தார். பக்கத்து வீட்டு டொரத்தி தன் முடியைக் காகிதத்தில் மடித்து, "எனக்குச் சுருட்டை முடி, மேல வச்சுத் தைங்க" என்று சிபாரிசோடு கொடுத்தாள்.

ஆசைக்குத் தைத்தபோது வலிக்காத முதுகு விலைக்குத் தைத்தபோது வலித்தது. கண் எரிகிறது என்பார், தண்ணீர் அடித்துக்கொண்டு மறுபடி உட்காருவார். ஒருநாள் நான் உளுந்து கடன் கேட்கப் போனேன். வரிசையாக மொட்டைத் தலைப் பொம்மைகள் கிடந்தன. "இதுக்கு என்னக்கா பேரு?" என்று ஒன்றை எடுத்துக் கேட்டேன்.

"முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் பேரு வைப்பேன் கண்ணு. இப்ப யாருக்கு நேரம் இருக்கு? அந்தக் கையைத் தைச்சுட்டேனான்னு பாரு."

கை தைத்திருந்தது. அந்த மாதிரி அசதியில் ஒரு நாள்தான் அது நடந்திருக்க வேண்டும். ஒரு பொம்மையின் நெஞ்சைத் தைத்து மூடும்போது ஊசி உள்ளேயே தங்கிவிட்டது. காணாமல் போன ஊசியைத் தரையெல்லாம் தேடிவிட்டு, வேறு ஊசி எடுத்துக்கொண்டார்.

அந்தப் பொம்மை வேலாயுதத்தின் வீட்டுக்குப் போயிற்று. அவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன். வரிசையின் கடைசி வீடு. மனைவி சீதாலெட்சுமி. ஒரே மகள் தனலெட்சுமியை எல்லாரும் தனம் என்போம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து கொடுத்தார்கள், தலைமுடியை ஒட்ட வெட்டி அனுப்பினார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பெற்றவர்களுக்கு உயிர் கையில் இல்லை. செலாயாங் பக்கத்திலிருந்து குறி பார்க்கிற ஒருவரை வேலாயுதம் கூட்டி வந்தார்.

வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழந்தை பக்கத்தில் கிடந்த பொம்மையைத் தூக்கினார். முடியைத் தடவிப் பார்த்தார். கத்தியை எடுத்து நெஞ்சைக் கிழித்தார். பஞ்சுக்குள் ஊசி மினுங்கியது.

துணிப் பொம்மை, மனுஷ முடி, நெஞ்சில் ஊசி. சூனியம் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முடியைப் பிய்த்து நெருப்பில் போட்டுவிட்டு, தட்சணை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பாக்கியக்காவின் வாசலில் கூட்டம். வரிசை முழுவதும் வந்துவிட்டது. முன்னால் நின்றது என் மாமியார். டொரத்தி, ஞாயிறுதோறும் கோயிலில் பாக்கியக்காவின் பக்கத்திலேயே முழங்கால் போடுகிறவள், ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் நின்றாள்.

"தூக்கக் கலக்கத்துல ஊசிய உள்ள விட்டுட்டேன். வேற ஒண்ணும் இல்ல" என்றார் பாக்கியக்கா. "தனத்துக்கு நான் கெடுதல் நினைப்பேனா? நீங்களே சொல்லுங்க."

"அதெல்லாம் இருக்கட்டும் பாக்கியம்," என்றார் மாமியார். "எங்க முடியக் குடுத்துடு. நாங்க போறோம்."

"எந்த முடியம்மா? எல்லாம் தைச்சு வித்தாச்சே. எது யாருதுன்னு எனக்கு என்ன தெரியும்? டெங்கிலுக்குப் போச்சு, சுங்கை பூலோவுக்குப் போச்சு."

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "ஐயோ, அப்ப என் முடி எவ வீட்லயோ கிடக்கா!" என்று ஒருத்தி அலறினாள். அத்தனை பேரும் கத்த ஆரம்பித்தார்கள். "குடுத்துடுங்கலா" என்று டொரத்தி அழுதாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவர் கொடுத்த பொம்மையைக் கட்டிக்கொண்டு இவர்கள் பிள்ளைகள் தூங்கவில்லையா? ஆனால் மாமியார் முன்னால் புது மருமகள் வாய் திறப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமா?

பாக்கியக்கா யாரையும் திட்டவில்லை. உள்ளே போனார். கத்தரிக்கோலோடு வந்தார். கொண்டையை அவிழ்த்துப் பிடரியை ஒட்டி வெட்டினார். துணி வெட்டுகிற கத்தரிக்கோல் என்பதால் இரண்டு மூன்று தடவை நறுக்க வேண்டியிருந்தது. "ஏய் பாக்கியம், நான் உயிரோட இருக்கேன்டி!" என்று ரபேல் அண்ணன் ஓடி வந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

வெட்டிய கூந்தலைப் பிரித்து, விரலில் சுருட்டிச் சுருட்டி, நின்றவர்கள் கையில் வைத்தார்.

"இந்தா. உங்க முடி என்கிட்ட இருக்குன்னு பயந்தீங்க. இப்ப என் முடி உங்ககிட்ட. எனக்கு ஏதாச்சும் செய்யணும்னா இத வச்சுச் செய்யுங்க. சரியாப் போச்சு, வீட்டுக்குப் போங்க."

வாங்காமல் போனவர்கள் ஒருவருமில்லை. வேலாயுதமும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார். என் மாமியாரால் அதை எறியவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கடைசியில் கூரை இடுக்கில் செருகினார். பல நாள் அந்தப் பக்கம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பழனியப்பன் மிச்சமிருந்த பொம்மைகளைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தார். "நான் நம்பலைக்கா. கடைக்கு வர்றவங்கதான் தொட மாட்டேங்கிறாங்க" என்றார். ரபேல் அண்ணன் கிடைத்த மூட்டையைத் தூக்கப் போனார். சில நாள் அடுப்பு எரிந்தது, சில நாள் எரியவில்லை. பாக்கியக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். மாமியார் தூங்குகிற நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். "இனிமே ஊசியத் தொட மாட்டேன் கண்ணு. அலுத்துப் போச்சு" என்பார்.

தனத்துக்குக் காய்ச்சல் விட்டது. கொயினாவா, குறிகாரரா என்று வரிசையில் இன்னும் முடிவாகவில்லை.

அப்படி நான் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் தனம் அந்த வாசலுக்கு வந்தாள். குச்சி குச்சியாய்க் கை கால், கட்டையாய் வெட்டிய தலை. கையில் நெஞ்சு கிழிந்து பஞ்சு தொங்குகிற மொட்டைப் பொம்மை. பின்னால் சீதாலெட்சுமி, உள்ளே வரவும் தயங்கி, திரும்பிப் போகவும் மனமில்லாமல் நின்றாள்.

குழந்தை பாக்கியக்காவையே பார்த்தது. முந்தானை நழுவியிருந்தது.

"பெரியம்மா, உங்களுக்கும் காய்ச்சலா?"

பாக்கியக்கா தன் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு, "ஆமா தாயி. இப்ப இறங்கிடுச்சு" என்றார்.

"தைச்சுக் குடுங்கன்னு ஒரே அழுகை. நானும் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள் சீதாலெட்சுமி. மடியிலிருந்து ஒரு முடிச்சுருளை எடுத்து நீட்டினாள். அன்று வேலாயுதம் வாங்கிப்போனது. "முடிக்கு இதையே வச்சுத் தைச்சுடுங்கக்கா."

பாக்கியக்கா அதை வாங்கிக்கொண்டார். ஊசிப் பெட்டியைத் தேடி எடுத்தார். நெஞ்சை மூடினார், தன் முடியைப் பொம்மையின் தலையில் வைத்துத் தைத்தார். முடித்ததும் ஊசியை சீதாலெட்சுமியின் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார். "பாத்துக்க. வெளிய வந்துடுச்சு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

தனம் அங்கேயே உட்கார்ந்து பொம்மைக்குப் பின்ன ஆரம்பித்தாள்.

"எவ்வளவுக்கா?" என்று சீதாலெட்சுமி கேட்டாள். கேட்கத்தான் கேட்டாளே தவிர, கை முந்தானை முடிச்சுக்குப் போகவில்லை. பதில் என்னவென்று வரிசைக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா?

பாக்கியக்கா ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார். முகம் சிவக்கவில்லை.

"இருபது காசு," என்றார். "கடன் கிடையாது."