மூத்தது தவறிப்போச்சு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடம் எழும்பிய வருஷத்தில் என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளோடுதான் விளையாட்டு. அவள் அங்கே படியேறிப் போகும்போதெல்லாம் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கொல்லைக் கதவருகே வந்து நிற்கிறேன். ஏன் நிற்கிறேன் என்று அவளுக்குச் சொன்னதில்லை.

உத்திரமேரூரில் அதற்கு முன் அப்படி ஒன்று கிடையாது. மாடி வீடு என்றால் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, அவ்வளவுதான். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய நெற்களத்தைக் காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஒருவர் வாங்கியிருக்கிறார், பன்னிரண்டு வீடு கட்டி அதிகாரிகளுக்கும் மெட்ராஸ்காரர்களுக்கும் விடப்போகிறார், மொசைக் தரையாம், வீட்டுக்குள்ளேயே குளியலறையாம், ஏறி இறங்க லிப்டாம் என்று செய்தி வந்தபோது தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டு அக்கா நான்கு பிள்ளை பெற்றவள், எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பாள். "கீழ ஒருத்தன் சோறு துன்னுவான், அவன் தலைக்கு மேல இன்னொருத்தன் கக்கூஸ் போவான். அதுக்குப் பேரு பங்களாவாம்" என்றாள்.

கடைக்கால் தோண்டும் வரைதான் அந்தச் சிரிப்பு. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கவலை. அவ்வளவு பேருக்கும் மோட்டார் போட்டு இழுத்தால் நம் கிணறு என்ன ஆகும் என்றார்கள். கொல்லையில் தென்னங்கீற்றுத் தட்டியை மறைவாக வைத்துக் குளிக்கிற பெண்களுக்கு, நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் தட்டி எதற்கு என்ற கவலை. என் கணவர் வாலாஜாபாத் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர். காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நல்ல மனிதர்கள் குடிவருவார்கள், ஊர் பெரிதாகும், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றார். நானும் இல்லை என்றுதான் சொன்னேன்.

களத்தின் ஏரிப் பக்கத்து மூலையில் தோண்டிய குழிகளில் ஊற்று கிளம்பியது. டீசல் எஞ்சின் வைத்து நாள் முழுக்க இறைத்தார்கள். ஒரு நாள் காலை அந்த மூலையில் கரை சரிந்து, எழுப்பிய தூண் ஒன்று சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. மறுநாள் அதே மூலையில் சேவல் அறுத்தார்கள். எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் மண்ணில் அந்தக் கறை தெரிந்தது. அக்காவும் வந்து பார்த்தாள்.

"கோழியோட நிக்க இது இன்னா கூரக் கொட்டாயா? நாலு மாடி. அதுக்கு ஏத்தாப்பலதான் கேக்கும்."

என்ன கேட்கும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. அணை, பாலம், பெரிய கட்டடம் எதுவானாலும் நிற்காமல் சரிந்தால் அது தலைச்சன் பிள்ளையைக் காவு கேட்கிறது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது, எங்கோ பாலம் கட்டுகிறார்கள் என்று காதில் விழுந்தாலே ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள். அந்த ஒரு வாரத்துப் பாடத்தைப் பிறகு உட்கார்ந்து எழுதுவேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். கட்டடத்தைத் தாங்குவது சிமெண்டும் கம்பியும்தான், தூண் சாய்ந்தது ஊற்றுத் தண்ணீரால்தான் என்று எனக்குத் தெரியும். அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கணவர் அவர் வீட்டில் மூத்தவர். நான் எங்கள் வீட்டில் மூத்தவள். என் மகள் தலைச்சனுக்குத் தலைச்சன். குழந்தை கண்ணெதிரே இருக்கும்போது அதெல்லாம் மூடநம்பிக்கையாக இருந்தது. பால் பொங்குகிற நேரம் அவள் கண்ணில் படாவிட்டால் அதுவே உண்மையாகிவிட்டது.

அக்கா ஒரு நாள் சமையலறை வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வேல செய்ய வந்தவளுங்க தெருவுல பூந்து தண்ணி கேக்குறாளுங்க பாரு, அவளுங்கதான் புள்ள பாத்துச் சொல்றவளுங்க. எவ கேட்டாலும் தலைச்சன்னு வாயத் தொறந்துடாத. மூத்தது தவறிப்போச்சு, இது ரெண்டாவதுன்னு சொல்லு. ரெண்டாவத எவனும் தொடமாட்டான். நமக்குள்ள இருக்கட்டும்."

நான் தலையாட்டினேன். அவள் போன பிறகு, இப்படியெல்லாம் ஒரு தாய் சொல்வாளா என்று நினைத்தேன்.

கட்டடத்தில் போட்ட போர்த் தண்ணீர் உப்புக் கரித்தது. குடிக்கிற தண்ணீருக்குச் சித்தாள்கள் எங்கள் தெருவுக்குத்தான் வரவேண்டும். அவர்களைக் கிணற்றடிக்கு விடும் வழக்கம் தெருவில் இல்லை; நாமே இறைத்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். எங்கள் கொல்லைக்கு வருகிறவள் பெருநகர் தாண்டிச் செய்யாற்றங்கரைக் கிராமத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். மணல் சலிப்பது அவள் வேலை. புருவத்தில்கூட மணல் ஒட்டியிருக்கும். நான் ஊற்றும்போது குடத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளே பார்ப்பாள். என் மகளை அந்த நேரத்தில் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவைப்பேன்.

ஒரு நாள் சாத்த மறந்தேன். மகள் ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"தலைச்சனாம்மா?"

மகளை எனக்குப் பின்னால் தள்ளினேன். "இல்ல. இது ரெண்டாவது. மூத்தது தவறிப்போச்சு."

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகை. அவள் இடுப்பில் வைத்த குடத்தைக் கீழே இறக்கிவைத்தாள். "ஆம்பளயா, பொட்டயா?" என்று கேட்டாள். ஆண் என்றேன். எத்தனை மாசம் என்றாள். இரண்டு மாசம் என்றேன். இல்லாத ஒரு குழந்தைக்கு உடம்பும் வயதும் கொடுத்துக்கொண்டே போனேன். அவள் தன் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். முதல் குழந்தை, பெண், பதினோரு மாசம். வேறு ஒரு ஊரில் வேலை நடந்த இடத்தில், புளியமரத்துத் தூளியில் கிடந்தபடியே வயிற்றாலே போய் இரண்டே நாளில் இறந்துவிட்டது. பிழைத்திருந்தால் என் மகள் உயரம் இருக்கும் என்றாள். அதனால்தான் அவள் அப்படிப் பார்த்தாள் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவும் செய்தது. ஆனாலும் அவள் போனதும் கதவுக்குத் தாழ் போட்டேன்.

அன்றிலிருந்து அவள் என்னை வேறு மாதிரி நடத்தினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இன்னொருத்தியிடம் காட்டுகிற உரிமை. சாப்பிட்டியா என்பாள், கண்ணு ஏன் சிவந்துகீது என்பாள். ஆற்று மணலைச் சலிக்கும்போது அகப்படுகிற சின்னச் சின்னக் கிளிஞ்சல்களை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் மகளிடம் கொடுப்பாள். குழந்தை கை நிறைய வாங்கிக்கொள்ளும். ஆசை காட்டித்தான் அழைத்துப் போவார்கள் என்று சின்ன வயதில் கேட்டது என் காதில் ஒலிக்கும். அவள் தலை மறைந்ததும் குழந்தையின் விரல்களைப் பிரித்து, கிளிஞ்சல்களை வாங்கிக் கொல்லை அரளிச் செடியின் அடியில் எறிவேன். குழந்தை அழுவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன்.

அந்த மாசமே என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நான் பயந்தது காய்ச்சலுக்கு அல்ல. கெட்ட வார்த்தை சொன்னால் மேலே போகிற தேவதை 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடும் என்பார்கள். எனக்கு இருப்பது ஒரே குழந்தை. மூத்தது தவறிவிட்டது என்று நானே வாயால் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் நான் சொன்னது யாரை? அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. படித்தவள் இப்படியா என்று கேட்பார். நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று நாளும் சித்தாள் பெண் கொல்லைக் கதவுக்கு வெளியே வந்து, இறங்கிச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவள் என்னைவிட அதிகமாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஆடி பிறந்தது. நாலாவது மாடிக்குத் தளம் போட நாள் குறித்தார்கள். மேல் தளம் போடும் அன்றுதான் காவு போகும் என்று தெருவில் பேச்சு. அன்று எந்தப் பிள்ளையையும் வெளியே விடுவதில்லை என்று எல்லா வீட்டிலும் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் மத்தியானம் அவள் வந்தாள். தளம் முடிந்தால் தன் வேலை முடிகிறது, ஊருக்குப் போகிறேன் என்றாள். ஆடி அமாவாசையன்று செய்யாற்று மணலில் ஊற்று தோண்டி, அதன் ஓரத்தில் செத்துப்போன குழந்தையின் பேர் சொல்லி ஒரு அகல் ஏற்றிவைப்பாளாம். வருஷா வருஷம் செய்கிறாளாம்.

"உம் புள்ளைக்கும் சேத்து ஒண்ணு ஏத்துறம்மா. பேரு இன்னா வச்சிருந்தீங்க?"

வாளிக் கயிறு என் கையில் இருந்தது. ஏதாவது ஒரு பேர் சொல்லியிருக்கலாம். பேர் வைக்கும் முன்பே போய்விட்டது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வயிற்றில் பிறந்த மூத்த குழந்தைக்கென்று, செத்தவர்களுக்கு ஏற்றுகிற விளக்கு எரியப் போகிறது. அந்த மூத்த குழந்தை உள்ளே தரையில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். மறுபக்கம், தலைச்சன் என்று சொன்னால் நாளைக்குத் தளம். இரண்டு பயமும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தன. எந்தப் பயம் பெரியது என்று யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுதினால் அது பொய். விளக்கு என் கண்முன் எரிவது போலிருந்தது. அவ்வளவுதான்.

"விளக்கு வேணாம். எனக்கு மூத்தது யாரும் இல்ல. இவதான் தலைச்சன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு குடத்தைப் பார்த்தாள். வாய்க்குள் சிரிப்பது போலத் தெரிந்தது; சிரிப்பல்ல.

"இந்தத் தெருவுல ஒரு வூடு பாக்கி இல்லாம தண்ணி வாங்கிக்கீறேன். எல்லா வூட்லயும் மூத்தது பூட்ச்சுன்னுதான் சொன்னாங்க. இன்னா தெருடா இது, ஒருத்திக்குக்கூட தலைச்சன் தங்கலியேன்னு மேஸ்திரியாண்ட கேட்டேன். அந்தாளு வியுந்து வியுந்து சிரிச்சாரு. அப்பால எனக்கும் புரிஞ்சிச்சு. உன்ன மட்டுந்தாம்மா நெசம்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ அயுதியே."

குடத்தில் ஊற்றினேன். வழக்கமாகப் பாதிக் குடம்தான் கேட்பாள். அன்று என்ன செய்வதென்று தெரியாமல் வழிய வழிய ஊற்றிவிட்டேன். தூக்கிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து கலவை மிஷின் சத்தம். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கணவர், தெருவைப் பார்த்தால் எழவு வீடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தாள், விடவில்லை. கை மாற்றிக் கை மாற்றிக் கலவை நிறைந்த பாண்டு சட்டி மேலே போகிற குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் குரல்களில் சித்தாள் பெண்ணின் குரல் எது என்று தேடினேன். நான் சொன்னதை அவள் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்று ஒரு மனம். அப்படி நினைக்கிற நான் என்ன மனுஷி என்று இன்னொரு மனம். மத்தியானம் கொல்லைக் கதவை யாரும் தட்டவில்லை. தாகத்துக்கு என்ன செய்தாள் என்று தெரியவில்லை. சாயங்காலம் மிஷின் நின்றது. தாழ் நீக்கும் சத்தம் ஒவ்வொரு வீடாகக் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்து, "எல்லாம் கீதுங்களா?" என்றாள். இருக்கிறாள் என்றேன். உங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு வந்தவளிடம் நீங்களும் அப்படித்தான் சொன்னீர்களா என்று கேட்க நினைத்தேன்.

அடுத்த நாள் பொழுது விடிந்ததும் ஒரு குடம் நிரப்பிக் கொல்லைக் கதவுக்கு வெளியே வைத்தேன். சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. விசாரித்தபோது, சித்தாள்கள் காலையிலேயே லாரியில் ஏறிப் போய்விட்டார்கள் என்றார் காவல்காரர்.

அரளிச் செடியின் அடியில் மண்ணைக் கிளறி அந்தக் கிளிஞ்சல்களைப் பொறுக்கினேன். பாதிக்கு மேல் கிடைத்தது. மகள் கையை நீட்டினாள். உடனே கொடுக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் கொடுத்தேன்.

ஆடி அமாவாசை அந்த வாரக் கடைசியில் வந்தது. விளக்கு வேண்டாம் என்று நான் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். என் மூத்த குழந்தை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஏற்றியிருக்க மாட்டாள். கோபத்தில் ஏற்றுகிறவளும் அல்ல. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் அந்த ஒரு நாள் மட்டும், பின்னால் இருக்கும் அந்த நாலு மாடிக்கு விளையாடப் போக என் மகளை நான் விடுவதில்லை. தலைவலி என்று ஏதாவது சொல்லி, இருட்டும் வரை பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்கிறேன்.